இசை மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவர்தம் பெருங்குழுவும்

ஜான் பர்க்ஸ் கில்லெஸ்பி என்னும் பெயரை நம் இளைஞர்களுள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பி என்றால் சிலருக்கு ஒரு படம் நினைவுக்கு வரலாம். கன்னங்கள் இரண்டும் பந்துபோல் உப்பி நிற்க, வானை நோக்கி வளைந்த டிரம்பெட்டை ஊதும் கறுப்பினக் கலைஞர் ஒருவரின் படம் அது. உலகம் அவரைப் பெரும்பாலும் அப்படத்தின் வழியாகவே அறிந்தது. வேடிக்கைக்காரர் என்று நகைக்கவும் செய்தது. அவர் பிறவி ஆசிரியர் என்பதும், தாம் கற்றதை எழுதி வைத்துப் பிறர்க்கும் கற்பித்தவர் என்பதும் அப்படத்தில் தெரிவதில்லை.

1946 முதல் 1950 வரை அவர் நடத்திய பெரிய இசைக்குழுவே அவருடைய தலையாய சாதனை என்பது நம் கருத்து. அக்குழு மிக உயர்ந்து நின்ற ஆண்டு 1948. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களின் இறுதி வரை அக்குழு தன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்ய இயலவில்லை. அவர்கள் அன்று வாசித்தது இன்று நம் செவிக்கு எட்டுகிறதென்றால், அரங்குகளிலும் வானொலி ஒலிபரப்பிலும் சிலர் பதிந்து வைத்த தட்டுகளும், அவற்றைப் பின்னாளில் செப்பனிட்டவர்களின் பொறுமையுமே காரணம். அந்த வரலாற்றை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்தே இங்குக் கூற விழைகிறோம்.

கில்லெஸ்பி 1917ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள செரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒன்பது மக்கள், இவரே கடைக்குட்டி. தந்தை கொத்தனார், வார இறுதிகளில் உள்ளூர் இசைக்குழு ஒன்றையும் நடத்தியவர். குழுவின் கருவிகள் அவர் வீட்டிலேயே வைக்கப்பட்டிருந்ததால், குழந்தைப் பருவத்திலேயே சிறுவனின் கை பியானோவில் பட்டது. ஆனால் அத்தந்தை பிள்ளைகளைக் கடுமையாக அடிப்பவர். அந்த அடியே தம்மை முரடனாக்கிற்று என்று கில்லெஸ்பி முதுமையில் நினைவு கூர்ந்ததுண்டு. 1927இல் தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது.

அந்நாளில் தென் மாநிலங்களில் கறுப்பர்க்கெனத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், தனி வாசல் என்று சட்டமே வகுத்திருந்தது. இரட்டைக் குவளையை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கில்லெஸ்பி பயின்ற ராபர்ட் ஸ்மால்ஸ் பள்ளியும் கறுப்பின மாணவர்க்கான பள்ளியே. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரின்போது எதிரிக் கப்பலையே கைப்பற்றித் தப்பிவந்து, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராக உயர்ந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். அப்பள்ளிக்குச் சில இசைக்கருவிகள் வந்தபோது, பெரிய மாணவர்கள் நல்லவற்றை எடுத்துக்கொண்டது போக எஞ்சியிருந்த டிராம்போன் இவருக்குக் கிடைத்தது. கை நீளாத வயது. பின்னர் அண்டை வீட்டாரின் டிரம்பெட்டை இரவல் வாங்கி ஊதிப் பழகினார்.

ஊரில் தம்மை மிஞ்சுவார் இல்லை என்றிருந்த சிறுவனுக்கு ஒரு நாள் அடி விழுந்தது. வெளியூரிலிருந்து வந்த இசைஞர் ஒருவர் பியானோவில் அமர்ந்து வேறொரு சுருதியில் வாசிக்கத் தொடங்கினார். இவரால் ஒரு சுரம்கூடத் தொடர இயலவில்லை. அதுவரை தாம் கற்றிருந்தது ஒரே ஒரு சுருதிதான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிறகு எல்லாச் சுருதிகளிலும் வாசிக்கும் வரை அவர் ஓயவில்லை. டிரம்பெட் ஊதுபவர் பியானோவும் கற்க வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இறுதிவரை இருந்ததற்கு இந்த நிகழ்ச்சியே வித்து என்று நாம் கருதுகிறோம்.

1933இல் வட கரோலினாவின் லாரின்பர்க் கல்வி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1904இல் கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத் தம்பதியர் தோற்றுவித்த கல்விச்சாலை அது. அதன் இசைக்குழுவில் டிரம்பெட் வாசிக்க ஆள் தேவைப்பட்டதால், கட்டணமின்றிக் கல்வியும் உணவும் உறைவிடமும் அளித்து இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியின் பண்ணையில் வேலை செய்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் டிரம்பெட், பியானோ, இசையிலக்கணம் என்றே கழிந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி ஒன்று அவ்வேளையில் இல்லாதிருந்தால் அவர் பருத்திக் காட்டிலேயே நின்றிருக்கக் கூடும். 1935இல் படிப்பை முடிக்கும் முன்னரே, பிலடெல்பியாவில் குடியேறிய தாயாரிடம் சென்று சேர்ந்தார்.

பிலடெல்பியாவில்தான் அவருக்கு டிஸ்ஸி என்ற பட்டப்பெயர் அமைந்தது. தலை கிறுகிறுத்தவர், அரைக்கிறுக்கர் என்று பொருள் கொள்ளலாம். மேடையில் அவர் செய்த குறும்புகளே காரணம். 1937இல் நியூயார்க் சென்று டெட்டி ஹில் குழுவில் சேர்ந்து அவ்வாண்டே ஐரோப்பாவையும் கண்டார். 1939இல் கேப் காலோவேயின் புகழ்பெற்ற குழுவில் இடம் கிடைத்தது. நல்ல ஊதியம், ஆனால் புதுமைக்கு இடமில்லை. இவர் தேடி ஊதிய புதிய சுரங்களைச் சீன இசை என்று காலோவே எள்ளினார். 1941இல், இவர் செய்யாத குறும்பு ஒன்றுக்காகத் தலைவர் இவரைக் குற்றம் சாட்ட, கைகலப்பாகி, காலோவேயின் காலில் கத்தி பட்டது. வேலை போயிற்று. 1940இல் அவர் மணந்த லொரெய்ன் என்னும் நடனக் கலைஞர், அக்காலந்தொட்டு அவர் இறக்கும்வரை வரவு செலவையும் ஒழுங்கையும் தம் கையில் வைத்துக் காத்தார். உடன் வாசித்தவர்கள் பலர் போதை மருந்துக்கு இரையானபோதும் கில்லெஸ்பி தப்பியதில் அந்த அம்மையாரின் பங்கு பெரிது.

அந்நாளில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியாகிய ஹார்லெமில் மின்டன்ஸ் என்றோர் இரவு விடுதி இருந்தது. வேலை முடிந்த இசைஞர்கள் நள்ளிரவுக்குமேல் அங்குக் கூடித் தமக்காகவே வாசித்தனர். பியானோவில் திலோனியஸ் மங்க், டிரம்மில் கென்னி கிளார்க், கித்தாரில் சார்லி கிறிஸ்டியன். கன்சாஸ் நகரிலிருந்து வந்த சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் அவ்வட்டத்தில் இணைந்தார். இவர்கள் வளர்த்த இசையே பின்னர் பீபாப் எனப்பட்டது. பழைய பாட்டின் சுர அடுக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் புதிய மெட்டைக் கட்டுவர்; ஓட்டம் மிக விரைவு; யாரும் எதிர்பாராத இடத்தில் சுரம் திரும்பும். தாளமும் மாறிற்று. நடனமாடுவோரின் காலுக்கு ஏற்ப அடித்த பெரிய டிரம்மை விட்டு, கிளார்க் தாளத்தைச் சிம்பலுக்கு மாற்றினார். மேல்தட்டினரின் நடனத்துக்குப் பின்னணி வாசிப்பவராகவே கருதப்பட்ட கறுப்பினக் கலைஞர், தம்மை அமர்ந்து கேளுங்கள் என்று கோரிய இசை அது.

பார்க்கர் காட்டாறு. கில்லெஸ்பியோ அந்த ஆற்றுக்கு வாய்க்கால் வெட்டியவர். புதிய இசையின் இலக்கணத்தைத் தாளில் எழுதி, தம் வீட்டுப் பியானோவில் வாசித்துக் காட்டி, வந்தவர்க்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். தொழில் இரகசியம் என்று எதையும் மறைத்து வைக்கவில்லை. இளைஞரான மைல்ஸ் டேவிஸையும் பியானோ பயிலும்படி தூண்டினார்.

இவ்விசை பிறந்த ஆண்டுகளின் ஒலி நமக்கு ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1942 ஆகஸ்டு முதல் நாளன்று அமெரிக்க இசைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியும் வானொலியும் மேடை இசைஞரின் பிழைப்பைப் பறிக்கின்றன. எனவே விற்கும் தட்டுகளிலிருந்து ஒரு பங்கு இசைஞர் நல நிதிக்கு வேண்டும் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கை என்றே நாம் சொல்வோம். பெரிய நிறுவனங்கள் சில 1944 நவம்பரில்தான் பணிந்தன. இதற்கிடையே 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் என்பவரின் குழுவில் கில்லெஸ்பி, பார்க்கர், பாடகி சாரா வான் மூவரும் ஒன்றாக இருந்தனர். அக்குழுவின் இசைத்தட்டு ஒன்றும் வெளிவரவில்லை. பார்க்கரும் கில்லெஸ்பியும் விடுதி அறையொன்றில் நண்பரின் பதிவுக் கருவிமுன் வாசித்த சில தட்டுகள் மட்டுமே எஞ்சின.

அக்குழுவிலிருந்து பிரிந்த பாடகர் பில்லி எக்ஸ்டைன் 1944இல் சொந்தக் குழு அமைத்தார். பீபாப் இசைஞர்களைக் கொண்டே அமைந்த முதற் பெருங்குழு அதுவேயாகும். கில்லெஸ்பி அதன் இசை இயக்குநர். அவ்வாண்டு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர்க்கு மட்டுமேயான விடுதியொன்றில் வாசிக்க அழைக்கப்பட்டார்கள். கறுப்பு இசைஞர் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்பது அங்குக் கட்டளை. எக்ஸ்டைன் குழுவினர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே நுழைந்தனர். வேலையிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஊரில் கறுப்பர்கள் கூடும் ரிவியரா விடுதிக்கு மாறி அங்கே வாசித்தனர். கில்லெஸ்பி விலகியபின், 1945இன் தொடக்கத்தில், இக்குழு கறுப்பினப் போர்வீரர்களுக்கென ஒலிபரப்பான ஜூபிலி என்னும் வானொலி நிகழ்ச்சியில் வாசித்தது. படைத்துறை வானொலித் தட்டுகள் பயன்பட்டபின் அழிக்கப்படவேண்டியவை. அழியாமல் பிழைத்த தட்டுகளால்தான் அக்குழுவின் முழு வேகத்தை இன்று அறிகிறோம். கடையில் விற்ற தட்டுகளிலோ எக்ஸ்டைனின் காதற்பாட்டுகளே மிகுதி.

1945 கோடையில் கில்லெஸ்பி தம் முதற் பெருங்குழுவைத் திரட்டித் தென் மாநிலங்களுக்கு அழைத்துச் சென்றார். அது தோல்வி. ஆட வந்த மக்களுக்கு இந்த இசைக்கு ஆடத் தெரியவில்லை. மனம் தளராமல் மறு ஆண்டு, கில் ஃபுல்லர் என்னும் இசையமைப்பாளரின் துணையுடன் மீண்டும் ஒரு குழு கட்டினார். நியூயார்க்கின் 52ஆம் தெருவிலிருந்த ஸ்பாட்லைட் விடுதியில் 1946இல் அக்குழு அரங்கேறிற்று. பியானோவில் முதலில் மங்க், பின்னர் ஜான் லூயிஸ். வைப்ரபோனில் மில்ட் ஜாக்சன், பாஸ் கருவியில் ரே பிரவுன், டிரம்மில் கிளார்க். டிரம்பெட்காரர்களுக்கு எழுதப்பட்ட சுரங்கள் அத்தனை உச்சத்தில் இருந்தமையால் இடையிடையே உதடுகளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அந்த ஓய்வு வேளையில் மேற்சொன்ன நால்வர் மட்டும் தனியே வாசிப்பர். மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்று பின்னர் உலகப் புகழ் பெற்ற நால்வர் குழு அந்த இடைவேளையில் முளைத்ததேயாகும்.

ஸ்பாட்லைட் விடுதியில் 1946 ஜூன் மாதம் பதிவான வாசிப்பு 2008ஆம் ஆண்டில்தான் செப்பனிடப்பட்டு முறையாக வெளிவந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1945 ஜூன் 22ஆம் நாள் டவுன் ஹால் அரங்கில் கில்லெஸ்பியும் பார்க்கரும் நடத்திய ஐவர் குழுக் கச்சேரியின் தட்டுகள் அவ்வாறே வெளிப்பட்டன. அறுபது ஆண்டுகள் அக்கச்சேரியை உலகம் கேட்டதே இல்லை.

இத்தகைய தட்டுகள் எவ்வாறு உண்டாயின என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. ஒலிநாடா பரவுவதற்கு முந்திய காலம் அது. அலுமினியத் தட்டின்மேல் மென்மையான அரக்குப் பூச்சு பூசியிருப்பார்கள். சுழலும் தட்டில் வெட்டூசி ஒன்று ஒலிக்கேற்ப வரிப்பள்ளம் கீறிக்கொண்டே போகும். போர்க்காலத்தில் அலுமினியம் தட்டுப்பட்டதால் கண்ணாடியின்மேலும் பூசினார்கள். கைதவறினால் வரலாறு நொறுங்கும். ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். ஆதலின் பாட்டு நடுவில் இருக்கும்போதே தட்டை மாற்ற வேண்டிவரும். மென்மையான அப்பூச்சு, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சிறிது தேயும். ஆண்டுகள் செல்லச் செல்ல வறண்டு வெடிக்கும்.

செப்பனிடுவோர் முதலில் தட்டைக் கழுவித் தூய்மை செய்கிறார்கள். பின்னர், பழைய ஊசி தேய்க்காத ஆழத்தில் பதியக்கூடிய பருமனுடைய ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன்பின் வேகத்தைச் சரிசெய்தல். பதிந்த பொறி சற்று மெதுவாகச் சுழன்றிருந்தால் இன்று கேட்கும்போது சுருதி ஏறி ஒலிக்கும். பியானோவின் சுருதியைக் கொண்டு உண்மை வேகத்தைக் கணிக்கிறார்கள். கணிப்பொறியின் உதவியால் கீறல் ஒலிகளை ஒவ்வொன்றாக நீக்குவதும், அறுந்த பகுதிகளை இணைப்பதும் இறுதி வேலை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரைச்சலை முற்றிலும் துடைக்க முற்பட்டால் அதனோடு சிம்பலின் ஒலியும் போய்விடும். பீபாப் இசையின் உயிரே சிம்பலில் இருக்கிறது. மிகத் தூய்மையாக்கிய சில வெளியீடுகளைவிட, சிறிது இரைச்சலோடு விட்டவையே கேட்பதற்கு மேல் என்பது நம் எண்ணம்.

மீண்டும் கில்லெஸ்பிக்கு வருவோம். கியூபாவில் பிறந்த டிரம்பெட் கலைஞர் மரியோ பௌசா, காலோவே குழுவில் அவருக்கு வாய்த்த நண்பர். ஆப்பிரிக்க மரபில் வந்த கியூபத் தாளங்களைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை அந்த நட்பில் விளைந்தது. 1947இல் பௌசா சானோ போசோ என்பவரை அறிமுகம் செய்து வைத்தார். ஹவானாவின் ஏழை மக்கள் குடியிருப்பில் 1915இல் பிறந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முன்னோரின் வழிபாட்டுத் தாளங்களைக் கைவிரலில் வைத்திருந்தவர் போசோ. இசை எழுத்து அறியாதவர்; ஆங்கிலமும் அறியாதவர். கில்லெஸ்பிக்கோ ஸ்பானியம் தெரியாது. இருவருக்கும் பொதுமொழி ஆப்பிரிக்காதான் என்று போசோ கூறுவாராம். காங்கா என்னும் அவருடைய கைப்பறை ஜாஸ் பெருங்குழுவின் நடுவில் வந்து அமர்ந்தது.

1947 செப்டம்பர் 29ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அக்குழு வாசித்தது. ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குப் பெயர்போன அந்த மேடையில் போசோவின் பறை முழங்கிற்று. டிசம்பர் 22, 30 ஆகிய நாள்களில் விக்டர் நிறுவனத்தின் கூடத்தில் அவசர அவசரமாகப் பாட்டுகள் பதிவாயின. மன்டேகா என்னும் புகழ்பெற்ற உருப்படியும் அவற்றுள் ஒன்று. அதன் அடிப்படை போசோவின் கற்பனை. அது ஒரே இடத்தில் சுழல்வதைக் கண்ட கில்லெஸ்பி நடுப்பகுதி ஒன்றை இயற்றிச் சேர்த்தார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1948 சனவரி முதல் நாளன்று இசைஞர் சங்கத்தின் இரண்டாம் வேலைநிறுத்தம் தொடங்கியது. பதிவுக் கூடங்களின் கதவு அடைபட்டது.

அந்தச் சனவரியிலேயே குழு கப்பலேறி ஸ்வீடன் சென்றது. குளிர்காலக் கடல் அலைக்கழித்தது. போய்ச் சேர்ந்தபின் நிகழ்ச்சி அமைப்பாளர் பணத்தில் கை வைத்ததால் கையில் காசின்றித் தவித்தார்கள். பிரெஞ்சு ஜாஸ் ஆர்வலர் சார்லஸ் தெலோனே முன்வந்து பாரிஸுக்கு வரவழைத்தார். பிப்ரவரியில் பிளேயல் அரங்கில் அவர்கள் வாசித்த வாசிப்பை, ஊதியம் கிடைக்குமா என்றே அறியாதவர்கள் வாசித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிப்ரவரி 28ஆம் நாள் கச்சேரி பதிவாகித் தட்டாக வெளிவந்தது. அமெரிக்கச் சங்கத்தின் தடை அமெரிக்காவில் இக்குழுவை ஊமையாக்கியிருந்த ஆண்டில், அதன் குரலைப் பாரிஸ் காத்து வைத்தது. கென்னி கிளார்க் குழுவோடு உடனே திரும்பவில்லை. கறுப்பரை மனிதராக நடத்திய அந்நகரில் சில காலம் தங்கினார். 1956இல் நிலையாகவே குடியேறினார்.

சூலையில் கலிபோர்னியாவின் பசடேனா நகர மண்டபத்தில் நடந்த கச்சேரியும் பதிவாயிற்று. பாரிஸ் பதிவையும் பசடேனா பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு இரண்டு உண்மைகள் விளங்கும். பீபாப் நால்வர், ஐவர் வாசிக்கும் இசை, பெருங்குழுவுக்கு ஒவ்வாது என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். 16, 17 பேர் ஒரே மூச்சில் அந்த வேகச் சுரங்களை வாசிப்பதை இப்பதிவுகளில் கேட்டபின் அவ்வாறு எழுதுவது எளிதன்று. கடைத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே கொண்டது. மன்டேகா அதற்குள் அடங்கி ஒடுங்கியிருக்கும். மேடையிலோ போசோவின் பறை நின்று பேசி, பாடி, குழுவை மீண்டும் உள்ளே அழைக்கிறது.

இரண்டாவது, அந்த வேடிக்கைக்காரர் என்ற பட்டம். அவ்வாண்டு அக்டோபரில் பெரும் படப் பத்திரிகையொன்று கில்லெஸ்பியின் தொப்பி, கண்ணாடி, குறுந்தாடி இவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு, பீபாப்பை ஒரு கேலிக்கூத்தாகக் காட்டிற்று. மேடையில் அவர் ஆடியதும் நகைச்சுவை செய்ததும் உண்மையே. தட்டுகளில் அவையோரின் சிரிப்பும் கேட்கிறது. ஆனால் சிரிப்பு அடங்குமுன் அவர் கைகாட்ட, குழு முழுவதும் ஒரு கணமும் பிசகாமல் எழுகிறது. மங்க் இயற்றிய நள்ளிரவுப் பாட்டை அவர் ஊதும்போது சிரித்தவர்களே மூச்சடக்கிக் கேட்கிறார்கள். மக்களை முதலில் நகைக்கவைத்து அருகில் அழைத்து, பிறகு கடினமான இசையைக் கேட்கவைத்த ஆசிரியத் தந்திரம் அது என்று நாம் கொள்கிறோம். அதற்காக அவரைக் கோமாளி என்று இகழ்ந்த திறனாய்வாளர்கள், அவர் எழுதிக்கொடுத்த சுரங்களைக் கற்றுத் தலைவர்களானோரின் பட்டியலை மறந்து விடுகிறார்கள். கில்லெஸ்பியின் குழு ஒரு பள்ளியாகவே இருந்தது. பிற்காலத்தில் பேரும் புகழும் பெற்ற ஜான் கோல்ட்ரேன் 1949இல் அங்குச் சேர்ந்த மாணவர்களுள் ஒருவர். டிராம்போன் மேதை மெல்பா லிஸ்டனுக்கு, பெண் என்று தயங்காமல் இடம் கொடுத்த குழுவும் அதுவே.

1948இன் இறுதியில் குழு தென் மாநிலங்களில் பயணம் செய்துகொண்டிருந்தது. போசோவின் பறைகள் களவு போயின. நிறவெறியையும் சகிக்காத அவர் நியூயார்க் திரும்பினார். டிசம்பர் 2ஆம் நாள் ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. பன்னிரண்டு நாள் கழித்து, 14ஆம் நாள், வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. 29ஆம் நாள் கில்லெஸ்பியின் குழு மீண்டும் பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து போசோ விட்டுச்சென்ற பாட்டொன்றையும் பதிவு செய்தது. பறையில் வேறு கைகள். அவருடைய கைகள் அவ்வாண்டு முழுதும் முழக்கியதை அறிய விரும்புவோர்க்கு மேடைப் பதிவுகளையும் வானொலிப் பதிவுகளையும் விட்டால் வேறு வழியில்லை.

பெருங்குழுவைக் கட்டிக் காப்பது செலவு மிக்கது. 1950இல், குழுவா தாமா என்று லொரெய்ன் அம்மையார் கண்டிப்பாகக் கேட்க, கில்லெஸ்பி கலைத்துவிட்டார். சிறு குழுவோடு ஊர் ஊராக வாசித்தார். 1953 சனவரி 6ஆம் நாள், அம்மையாரின் பிறந்தநாள் விருந்தில் யாரோ அவருடைய டிரம்பெட்டின்மேல் விழுந்ததால் அதன் வாய் மேல்நோக்கி வளைந்தது. ஊதிப் பார்த்தார், ஒலி தம் காதுக்கு நேராக எட்டுவது பிடித்துப் போயிற்று. அதுமுதல் அவ்வாறே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கினார்.

1956இல் அமெரிக்க அரசு அவரைப் பெருங்குழு ஒன்றோடு அயல்நாடுகளுக்கு அனுப்ப முடிவு செய்தது. அரசின் செலவில் சென்ற முதல் ஜாஸ் குழு அதுவேயாகும். தம் நாட்டில் நிறவெறியே இல்லை என்பதுபோல் பேச அவர் இசையவில்லை. புறப்படுமுன் அதிகாரிகள் நடத்திய அறிவுரைக் கூட்டத்துக்கும் செல்லவில்லை. ஈரானிலிருந்து பாகிஸ்தான், லெபனான், சிரியா, துருக்கி, யூகோஸ்லாவியா, கிரீஸ் என்று குழு பயணம் செய்தது. கறுப்பரும் வெள்ளையரும், மெல்பா லிஸ்டன் உள்ளிட்ட பெண்களும் ஒரே வரிசையில் அமர்ந்த குழு அது. அங்காராவில் செல்வர்களின் தோட்ட விருந்தொன்றில், கந்தல் உடுத்த சிறுவர்கள் மதிலுக்கு வெளியே தடுத்து நிறுத்தப்பட்டதைக் கண்டார். அவர்களை உள்ளே விட்டாலன்றி வாசிப்பதில்லை என்று நின்றுவிட்டார். சிறுவர்கள் உள்ளே வந்தபின்னரே வாசித்தார். ஏதென்சில், சில நாள் முன்பு அமெரிக்க அலுவலகத்தின்மேல் கல்லெறிந்த மாணவர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் சென்றனர்.

1964இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமே வேட்பாளர் என்று அறிவித்துப் பரப்புரை செய்தார். பாதி நகைச்சுவை, பாதி உண்மை. வெள்ளை மாளிகையின் பெயரை ப்ளூஸ் மாளிகை என மாற்றுவதும் அவர் வாக்குறுதிகளுள் ஒன்று. அவர் பெயர் பொறித்த சட்டை வில்லைகளை விற்ற பணம் குடியுரிமை இயக்கங்களுக்குச் சென்றது. 1968இல் பஹாய் சமயத்தை ஏற்றார். 1977இல் கியூபா சென்று போசோ பிறந்த மண்ணை மிதித்தார். 1979இல் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. 1988இல் பல நாட்டுக் கலைஞரைக் கொண்டு யுனைடெட் நேஷன் ஆர்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

1993 சனவரி 6ஆம் நாள் நியூ ஜெர்சியில் கணையப் புற்றுநோயால் காலமானார். 2002இல் செராவில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. தனிப் பள்ளிக்குச் சிறுவனாக நடந்து சென்ற அதே ஊர். சிலையை வடித்தவர் எட் டிவைட். அமெரிக்காவின் விண்வெளிப் பயிற்சிக்கு முதன்முதல் சேர்க்கப்பட்டும் 2024 வரை விண்கலம் ஏற வாய்ப்பளிக்கப்படாதிருந்த கறுப்பின விமானி.

டவுன் ஹால் தட்டுகளும் ஸ்பாட்லைட் தட்டுகளும் செப்பனிடப்பெற்று வெளிவந்தது அவர் மறைந்து பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். தம் இளமையின் ஒலியை அந்தத் தெளிவோடு அவர் கேட்கவில்லை. 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் குழு ஊர் ஊராக வாசித்த இசைக்கு மட்டும் ஒரு தட்டும் இன்னும் அகப்படவில்லை.